எட்டு வாரம் காத்திருந்து வாங்கிய குட்டி: சென்னிமலைப் பக்கத்து ராஜபாளையம் வளர்ப்பகம்

சென்னிமலையிலிருந்து காங்கேயம் போகும் வழியில், கிளுவை வேலி போட்ட கொறங்காடு (மேய்ச்சல் நிலம்) ஒன்றை ஒட்டி, கணவனும் மனைவியுமாக நடத்தும் சிறிய நாய் வளர்ப்பகம் ஒன்று இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது; நாங்களும் தெரிந்தவர் சொல்லித்தான் போனோம். ராஜபாளையம் மட்டுமே வளர்க்கிறார்கள். ஒரு நேரத்தில் ஓர் ஈற்றுக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை. அங்கே வாங்கிய குட்டி இப்போது எங்கள் வீட்டில் வளர்ந்து நிற்கிறது. நிறத்தையும் விலையையும் கேட்பதற்கு முன்னால், குட்டி நம் கைக்கு வரும்வரை எப்படி வளர்ந்தது என்பதைத்தான் கேட்க வேண்டும் என்று அந்த இடத்தைப் பார்த்தபின் உறுதியாக நம்புகிறேன்.

நாய்க்குட்டி பிறந்து 10 முதல் 14 நாளில் கண் திறக்கும். மூன்றாவது வாரத்தில் காது கேட்கத் தொடங்கும். அப்போதிருந்து ஏறத்தாழ 12 முதல் 14 வாரம் வரை அது எதைப் பார்த்துக் கேட்டுப் பழகுகிறதோ, அதைத்தான் பிற்காலத்தில் அச்சமில்லாமல் ஏற்றுக்கொள்ளும். 1961-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், மனிதர்களோடு எந்தத் தொடர்பும் இல்லாமல் 14 வாரம் வரை வேலிக்குள் வளர்ந்த குட்டிகளை அதன்பின் மனிதர்களோடு பழக்குவது மிகக் கடினமாக இருந்தது. இந்தக் காலத்தில் ஏறத்தாழப் பாதியைக் குட்டி வளர்ப்பவரிடமே கழிக்கிறது என்பதால், கூண்டில் அடைத்து வளர்த்த குட்டியை வாங்கிவிட்டு, வீட்டுக்கு வருகிறவர்களைக் கண்டு அது நடுங்குவதற்கு அந்தக் குட்டியைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

இவர்கள் குட்டிகளைத் தாயோடு வீட்டுத் திண்ணையிலேயே வைத்திருக்கிறார்கள். பக்கத்துக் காட்டில் விசைத்தறிக் கூடம் ஓடுகிறது. அந்தத் தடதடப்பு குட்டிகளுக்குத் தாலாட்டாகவே ஆகிவிட்டது. மூன்றாம் வாரத்திலிருந்து சாக்கு, மணல், சிமெண்ட் தரை, வழுக்கும் டைல்ஸ் என்று நாளுக்கொரு தரையில் நடக்க விடுகிறார்கள். தடியூன்றிய பெரியவர், தலைக்கவசம் மாட்டியவர், பள்ளிக்கூடம் விட்டு வரும் குழந்தைகள் என்று வெவ்வேறு ஆட்கள் குட்டிகளின் அருகில் உட்காருகிறார்கள்; குழந்தைகள் தரையில் அமர்ந்தால்தான் குட்டியைத் தொட விடுகிறார்கள். பாத்திரம் விழுந்த சத்தத்தில் மிரண்டு தாயின் பின்னால் ஒளிந்த குட்டி ஒன்றை நான் தூக்கப் போனபோது, அந்த அம்மா தடுத்துவிட்டார். "பயந்த குட்டிய இழுத்துட்டுப் போயி சத்தத்துக்கிட்ட நிறுத்தீராதீங்ணா, தூக்கவும் வேண்டாம். எட்டவே நிக்கட்டும், அதுவா வருமுங்க" என்றார். சற்று நேரத்தில் அது தானாகவே தவழ்ந்து வந்து, கவிழ்ந்து கிடந்த சட்டியின் விளிம்பை முகர்ந்து, பிறகு அதற்குள்ளேயே ஏறி உட்கார்ந்துகொண்டது.

ராஜபாளையம் வாங்குகிறவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்றும் அங்கே நடக்கிறது. முழு வெள்ளையான குட்டிகளில் சில பிறவியிலேயே காது கேளாமல் இருக்கலாம். இந்த இனத்தில் அது அறியப்பட்ட குறை. கூட்டத்தோடு இருக்கும்போது செவிட்டுக் குட்டியைக் கண்டுபிடிப்பது கடினம், ஏனென்றால் மற்றவை திரும்பினால் அதுவும் திரும்பும். அதனால் ஒவ்வொரு குட்டியையும் தனியே பிரித்து, தரையதிர்வு தெரியாதபடி கையில் ஏந்திக்கொண்டு, அதன் கண்ணில் படாத இடத்திலிருந்து சாவிக்கொத்தைக் குலுக்கிக் காட்டுகிறார்கள். எங்கள் குட்டி ஒலி வந்த பக்கம் சட்டென்று திரும்பியது. இதை வாங்குகிறவர் முன்னிலையில் செய்து காட்டும் நேர்மையை வேறெங்கும் நான் பார்க்கவில்லை. ஒரு காது மட்டும் கேளாமல் இருந்தால் இந்த முறையில் பிடிபடாது என்பதையும் அவர்களே சொல்லிவிடுகிறார்கள்.

ஆட்களோடு பழக்க வேண்டும். ஆனால் நோயும் வரக்கூடாது. இது எளிதில்லை, ஏனென்றால் குட்டிகளின் உயிரையே பறிக்கக்கூடிய பார்வோ கிருமி மண்ணில் பல மாதம் உயிரோடு இருக்கும், செருப்பிலேயே வந்துவிடும். இங்கே செருப்பைப் படலுக்கு வெளியே விட்டுக் கைகால் கழுவாமல் யாரும் உள்ளே போக முடியாது. வேறு நாய்ப் பண்ணைக்குப் போய்விட்டு அன்றே வருகிறவர்களைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். குடற்புழு மருந்து 2 வாரத்தில் தொடங்குகிறது. முதல் தடுப்பூசி போட்ட தேதியை மருத்துவரின் கையெழுத்தோடு அட்டையில் குறித்துத் தருகிறார்கள்.

எட்டு வாரம் ஆகாமல் குட்டியைக் கொடுப்பதே இல்லை. 2017-ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளும் எட்டு வாரத்துக்கு உட்பட்ட குட்டியை விற்கக்கூடாது என்றே சொல்கின்றன. ஆனாலும் முப்பது நாள் குட்டிகள் நம் பக்கத்தில் தாராளமாகக் கைமாறுகின்றன. உடன்பிறந்தவற்றோடு உருண்டு புரளும் இந்த வாரங்களில்தான் குட்டி கடியின் அளவைக் கற்றுக்கொள்கிறது. ஓங்கிக் கடித்தால் கடிபட்டது கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடும்; அதைத் திரும்பத் திரும்ப அனுபவித்த குட்டிக்குப் பல்லை எவ்வளவு அழுத்தலாம் என்பது தெரிந்துவிடுகிறது. எங்கள் வீட்டுக் குழந்தையின் கையை வாயில் கவ்வினாலும் பல் பதிக்காத குட்டியைப் பார்த்தபோது, காத்திருந்ததற்குப் பலன் கிடைத்தது என்று மகிழ்ந்தோம்.

குறைகளும் உண்டு. கார்ப் பயணத்துக்குக் குட்டிகளைப் பழக்குவதில்லை. எங்கள் குட்டி வழியெல்லாம் வாந்தி எடுத்தது. மாடிப்படியும் அதற்குப் புதிது. இரவில் தனியே தூங்கப் பழக்காததால் முதல் சில இரவுகள் ஓயாமல் அழுதது. புது இடத்துக்குக் கிளம்பும் முன்பே குட்டியைச் சில முறை வண்டியில் ஏற்றி இறக்கியிருந்தால் இதில் பாதி குறைந்திருக்கும். விலை சந்தையில் கேட்பதைவிடக் கூடுதல். பேரம் பேச இடமில்லை. ஆனால் அந்த வாரங்களில் இருவர் கொடுத்த உழைப்பைக் கண்ணால் பார்த்ததால் எனக்கு அது அதிகமாகத் தோன்றவில்லை.

முன்பதிவு செய்தாலும் குட்டியை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், பகலில் யார் இருப்பார்கள், காடு உண்டா, காம்பவுண்டு சுவர் உண்டா என்று விசாரித்து, எந்தக் குட்டி நமக்குப் பொருந்தும் என்று அவர்களே முடிவு செய்கிறார்கள். வளர்க்க முடியாமல் போனால் எந்த வயதிலும் நாயைத் திருப்பி வாங்கிக்கொள்வதாகத் தாளில் எழுதிக் கையெழுத்திட்டுத் தருகிறார்கள். அடுக்குமாடி வீட்டில், நாள் முழுக்க ஆளில்லாமல் இருப்பவர்கள் கேட்டால் மரியாதையாகவே மறுத்துவிடுவார்கள் என்பதால், அப்படிப்பட்டவர்கள் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.