டிரம்ஸ் பீக்கை அடக்கித் தருகிறோம் என்று பணம் கேட்கிறார்களா? கட்டும் முன் இதைப் படியுங்கள்

150 டாலர் போச்சு. "உங்கள் புகார் முடித்து வைக்கப்பட்டது" என்று இன்று காலைதான் பதில் வந்தது. வயிறு எரிகிறது. இன்னொருவர் இதில் மாட்டக் கூடாது என்றுதான் சூட்டோடு எழுதுகிறேன்.

வீட்டில் பதிவு செய்த நான்கு பாட்டு. டிரம்ஸுக்கு கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்), ஸ்னேர் (குச்சியால் அடிக்கும் முக்கிய டிரம்), மேலே தொங்கும் இரண்டு ஓவர்ஹெட் மைக். வாசிப்பு அருமையாக வந்திருந்தது, தொல்லை ஸ்னேரில்தான். சாதாரண அடி மைனஸ் 12 டெசிபெல் பக்கம் நிற்கும் (பூஜ்யம்தான் உச்சவரம்பு). திடீரென்று ஒரு ரிம்ஷாட் (குச்சி தோலிலும் விளிம்பிலும் சேர்ந்து படும் பலத்த அடி) மைனஸ் 2 வரை எகிறும். இப்படி எகிறும் உச்சிதான் பீக். அந்த ஒரு அடியால் மொத்த ட்ராக்கின் சத்தத்தையும் ஏற்ற முடியவில்லை.

இசை வேலைக்கு ஆள் பிடித்துத் தரும் இணையதளம் ஒன்றில் இதற்கென்றே ஒருவர் இருந்தார். "ஒவ்வொரு பீக்கையும் கையாலேயே இறக்குவேன், அடியின் உயிர் போகாது" என்றார். மாதிரி கேட்டேன். சின்னத் துண்டு ஒன்றைச் செய்து அனுப்பினார். உண்மையைச் சொல்ல வேண்டும், பிரமாதமாக இருந்தது. ரிம்ஷாட் அடங்கியிருந்தது, ஆனால் குச்சி படும் அந்த 'டக்' அப்படியே இருந்தது. இடையிடையே மெல்லிதாக விழும் கோஸ்ட் நோட்டுகள் அதனதன் இடத்தில் இருந்தன. அதைக் கேட்டால் யாராக இருந்தாலும் நம்பியிருப்பார்கள். 150 டாலரையும் முன்பணமாகக் கட்டினேன்.

வந்த கோப்பைத் திறந்தால் அலைவடிவத்தின் தலையை வாளால் சீவியது மாதிரி ஒரே மட்டம். ஸ்னேர் 'பொத் பொத்' என்கிறது. கோஸ்ட் நோட்டும் முழு அடியும் ஒரே உயரம். ஒவ்வொரு அடிக்குப் பின்னாலும் ஸ்னேர் மைக்கில் கசிந்த ஹைஹாட் (ஜோடித் தட்டு) சத்தம் பொங்கி வருகிறது. மூலத்தையும் இதையும் ஒரே அளவுக்கும் ஒரே நேரத்துக்கும் கொண்டுவந்து, ஒன்றின் போலாரிட்டியைத் திருப்பி, அதாவது அலையை மேல்கீழாகப் புரட்டி, சேர்த்துக் கேட்டேன். ஒரே மாதிரி இருக்கும் இடங்கள் ஒன்றையொன்று அழித்துவிடும். பீக்கை மட்டும் தொட்டிருந்தால் மற்ற இடமெல்லாம் அமைதியாகியிருக்க வேண்டும். அமைதி எங்கேயும் இல்லை. மொத்த ட்ராக்கையும் ஒரு லிமிட்டருக்குள் (சத்தத்தை ஒரு அளவுக்கு மேல் போகவிடாத கருவி) தள்ளி எடுத்திருக்கிறார், அவ்வளவுதான். இது போதாதென்று ஸ்னேர் 2 மில்லிசெகண்ட் பின்னால் தள்ளிப் போயிருந்தது. ஓவர்ஹெட்டோடு சேர்த்தால் ஸ்னேரின் கனமே காணோம்.

கேட்டதற்கு வந்த பதில்களைப் பாருங்கள். முதலில் "உங்கள் ஹெட்ஃபோன் சரியில்லை." அப்புறம் "உங்கள் பதிவே கிளிப் ஆகியிருந்தது." கிளிப் என்றால் உச்சவரம்பை மீறி அலையின் தலை வெட்டுப்படுவது. மைனஸ் 2-ஐத் தாண்டாத பதிவு டிஜிட்டலில் எப்படி ஐயா கிளிப் ஆகும்? படம் எடுத்து அனுப்பினேன். "கம்ப்ரஸ் செய்தால் அப்படித்தான்" என்றார். அட்டாக்கை, அதாவது உரத்த சத்தத்தை அமுக்கத் தொடங்க கம்ப்ரசர் எடுக்கும் நேரத்தை, 1 மில்லிசெகண்டுக்குக் கீழே வைத்தால் குச்சிச் சத்தம்தான் முதலில் சாகும் என்பது இந்த வேலை செய்கிறவருக்குத் தெரியாதா? பிறகு பதிலே இல்லை. இணையதளத்தில் புகார் செய்தால், "தரம் என்பது ரசனை சார்ந்தது, கோப்பு வந்து சேர்ந்துவிட்டது" என்கிறார்கள். 2 மில்லிசெகண்ட் தள்ளிப் போனதும் ரசனையா? 150 டாலரில் ஒரு பைசா திரும்பவில்லை.

விவரமாக யோசனை எழுத நினைத்தேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. மாதிரித் துண்டை நம்பி மொத்தப் பணத்தையும் கட்டாதீர்கள், ஒரு முழுப் பாட்டுக்கு மட்டும் கட்டுங்கள். போலாரிட்டி திருப்பிக் கேட்காமல் 'பெற்றுக்கொண்டேன்' பொத்தானை அமுக்காதீர்கள். நாலைந்து ரிம்ஷாட்தான் தொல்லை என்றால் யாரிடமும் போகவே வேண்டாம்: அந்த அடியை மட்டும் வெட்டி, கெயினை (சத்த அளவை) 5, 6 டெசிபெல் இறக்குங்கள். மிச்சத்துக்கு ஒரு கிளிப்பரில் (அலையின் உச்சியை மட்டும் வெட்டும் கருவி) 2 டெசிபெல் சீவினால் போதும். அதற்குப் போய் யாருக்கும் 150 டாலர் கொடுக்காதீர்கள்.