பார்படோஸில் ஆபீஸ் கூட்டமா? வெறும் “டாலர்” என்று எழுதிய கொட்டேஷனை ஏற்காதீர்கள்

கரீபியத் தீவான பார்படோஸில் நாலு இரவு, பல நாடுகளிலிருந்து 24 பேர். கூட்டம் நன்றாகத்தான் நடந்தது, பில்தான் கடித்தது. பணம் போன இடங்கள் எல்லாமே ஒப்பந்தத்தாளில் கண்ணெதிரே இருந்தவை. நிறுவனங்களின் பெயர் இங்கே வேண்டாம். இப்படியொரு தாளை நாளை உங்களிடம் வேறு யாரும் நீட்டலாம்.

முதல் அடி டாலரில். ஒரு அமெரிக்க டாலருக்கு 2 பார்படோஸ் டாலர் என்ற கட்டு 1975 முதல் அப்படியே இருக்கிறது. கடைகளில் இரண்டையும் வாங்கிக்கொள்வார்கள், இரண்டுக்கும் குறியும் ஒன்றே. விமான நிலைய பிக்கப், பஸ், ஒரு இரவு கடற்கரை விருந்து எல்லாம் சேர்த்து உள்ளூர் ஏற்பாட்டாளர் கொடுத்த தொகை 4,800. பக்கத்தில் டாலர் குறி மட்டும். அதே ஆள் முன்பு அனுப்பிய மெனுவில் விலையெல்லாம் பார்படோஸ் டாலரில் இருந்ததால், இதுவும் அப்படித்தான் என்று கணக்குப் பிரிவு எடுத்துக்கொண்டது. 2,400 அமெரிக்க டாலர் அனுப்பி, முழுத்தொகையும் கட்டியாகிவிட்டது என்று கோப்பை மூடினார்கள். ஏற்பாட்டாளர் சொன்னதோ அமெரிக்க டாலர்; வந்ததைப் பாதி முன்பணமாக வரவு வைத்தார். மீதி 2,400-ஐக் கேட்டது கடைசி நாள் காலை, விமான நிலையம் போகவேண்டிய பஸ் வாசலில் நின்றபோது. அந்த நேரத்தில் யார் வாதாடுவார்கள்? கட்டியாயிற்று.

ஆகவே ஒவ்வொரு தொகைக்குப் பக்கத்திலும் யு.எஸ்.டி. (அமெரிக்க டாலர்) அல்லது பி.பி.டி. (பார்படோஸ் டாலர்) என்று எழுதச் சொல்லுங்கள். ரசீதில் “முழுத்தொகை” அல்லது “முன்பணம், மீதி இவ்வளவு” என்று வரவேண்டும். கூட்டத்தைப் பக்கத்துத் தீவுக்கு மாற்றினாலும் இதை விடாதீர்கள். கிழக்குக் கரீபிய டாலர் ஒரு அமெரிக்க டாலருக்கு 2.70. கேமன் டாலர் தலைகீழ், அமெரிக்க டாலரைவிட மதிப்பு கூடியது.

அடுத்தது ஹோட்டல் விலைக்குப் பின்னால் வரும் இரண்டு கூட்டல் குறி, பேச்சில் “பிளஸ் பிளஸ்”. சேவைக் கட்டணமும் வரியும் தனி என்று பொருள். விருந்து தலைக்கு 100 பிளஸ் பிளஸ் என்றால், 10 சதவீத சேவைக் கட்டணமும் 17.5 சதவீத வாட் வரியும் சேர்ந்து 127.50. சேவைக் கட்டணத்தின் மேலும் வாட் போட்டால் 129.25. எந்தக் கணக்கு என்று முன்பே கேளுங்கள். அறைக்கு வாட் குறைவு, 10 சதவீதம். ஆனால் ஹோட்டலின் தரத்தைப் பொறுத்து ஒவ்வொரு அறைக்கும் ஒவ்வொரு இரவும் ஒரு தனி வரி உண்டு. சுருக்கமாக, கூட்டல் குறி இல்லாத இறுதித்தொகையை வாங்குங்கள். குறைந்தபட்சச் சாப்பாட்டுச் செலவு என்று ஒரு தொகை ஒப்பந்தத்தில் இருந்தால், வரியும் சேவைக் கட்டணமும் அதில் சேருமா என்றும் பாருங்கள். பொதுவாகச் சேராது.

நன்றாக ஏமாந்த இடம் ரூம் பிளாக், அதாவது குழுவுக்காக ஹோட்டல் மொத்தமாக ஒதுக்கிவைக்கும் அறைகள். 24 அறை, 4 இரவு, 80 சதவீதம் எடுத்தால் போதும் என்றது ஒப்பந்தம். மொத்தம் 96 அறை-இரவுகள். 77 எடுத்தால் தப்பித்தோம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். எடுத்தது 87. ஆனாலும் அபராதம் வந்தது, ஏனென்றால் “ஒவ்வொரு இரவும்” என்று இரண்டே சொற்கள் உள்ளே கிடந்தன. முதல் இரவு வந்து சேர்ந்தவர்கள் 15 பேர். 24-இல் 80 சதவீதம் 19.2, அதை 20 ஆக்கி, படுக்காத 5 அறைக்கு 240 வீதம் 1,200 அமெரிக்க டாலர், அதற்கு மேல் பிளஸ் பிளஸ். “மொத்த அறை-இரவுகளில் 80 சதவீதம்” என்று மாற்றச் சொல்லுங்கள். காலி அறையை வேறு யாருக்காவது விற்றால் அந்தத் தொகையைக் கழிக்கவேண்டும் என்றும் சேருங்கள்.

முதல் இரவு மீதி ஒன்பது பேர் ஏன் வரவில்லை? இந்தியக் கடவுச்சீட்டுக்குப் பார்படோஸில் விசா தேவையில்லை. வழியில்தான் சிக்கல். டிராவல் ஏஜென்ட் லண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்தில் இறக்கி, இன்னொரு லண்டன் விமான நிலையமான கேட்விக்கில் ஏற்றும் டிக்கெட்டைப் போட்டிருந்தார். விமான நிலையம் மாறினால் பிரிட்டிஷ் குடிநுழைவைத் தாண்டியாக வேண்டும். கையில் இருந்ததோ விமான நிலையத்துக்குள்ளேயே மாறுவதற்கான டிரான்சிட் விசா. அது இதற்குச் செல்லாது. ஏற்ற மறுத்துவிட்டார்கள். ஹீத்ரோவிலிருந்தே கிளம்பும் விமானத்துக்கு மாற்றியதில் ஒரு நாள் போனது. அமெரிக்கா வழியாக என்றால் வெறும் விமான மாற்றத்துக்கும் விசா வேண்டும். டிக்கெட்டைப் பார்த்த பிறகு விசா, விசாவைப் பார்த்த பிறகு பணம்: இந்த வரிசையை மாற்றாதீர்கள். திரும்பும்போது டிரினிடாட் தீவில் இறங்கி ஊருக்குள் போய் வருகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பே போட்டுச் சான்றிதழ் வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் இந்தியாவில் இறங்கியதும் தனிமைப்படுத்துவார்கள்.

புயல் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. 2024 ஜூன் 29 அன்று பார்படோஸ் தலைநகர் பிரிட்ஜ்டவுனில் டி20 உலகக் கோப்பையை வென்ற இந்திய அணி பெரில் புயலால் அங்கேயே மாட்டிக்கொண்டது நினைவிருக்கும். விமான நிலையம் மூடியிருந்தது. கோப்பை வென்றவர்களுக்குத் தனி விமானம் வரும், ஆபீஸ்காரர்களுக்கு வராது. வழக்கமான ரத்து விதியில் “ஹோட்டல் இயங்காவிட்டால்” என்றுதான் இருக்கும். ஹோட்டல் திறந்திருந்து விமானம் இல்லாவிட்டால் பணம் போனதுதான். “விமான நிலையம் மூடினால், அல்லது தீவுக்குப் புயல் எச்சரிக்கை வந்தால்” என்று சேர்க்க வையுங்கள். காப்பீட்டையும் முன்பே எடுங்கள். புயலுக்குப் பெயர் வைத்தபின் எடுத்தால் அந்தப் புயலுக்குச் செல்லாது.

டாக்சிக்கு மீட்டர் கிடையாது, இடத்துக்கு இடம் நிர்ணயித்த கட்டணம்தான். நம்பர் பிளேட் இசட் எழுத்தில் தொடங்கவேண்டும். ஏறுமுன் தொகையோடு எந்த டாலர் என்பதையும் கேளுங்கள். மின்சாரம் 115 வோல்ட், தட்டை முனை பிளக்; லேப்டாப் சார்ஜர் ஓடும், நம்மூர்க் கெட்டில் உருப்படியாகக் கொதிக்காது.

சைவக்காரர்களுக்கு ஒன்று. “ரைஸ் அண்ட் பீஸ்” (சோறும் பயறும்) என்பதைப் பருப்புச்சோறு மாதிரி நினைத்து வாங்கிவிடாதீர்கள். உப்பிட்ட இறைச்சித்துண்டைப் போட்டு வேகவைப்பதும் அங்கே வழக்கம். “வெஜிடேரியன்” என்று மட்டும் சொன்னால் மீன் வந்து நிற்கலாம். இறைச்சி, மீன், கோழிச்சாறு மூன்றும் கூடாது என்று தனித்தனியாக எழுதிக் கொடுங்கள். மக்காச்சோள மாவும் வெண்டைக்காயும் போட்டுக் கிண்டும் குகூவை மீன் குழம்பு இல்லாமல் காய்கறியோடு தரச் சொல்லலாம், வயிறு நிறையும்.