தர்மபுரியில பச்சக்குழந்தைக்கு பிளட் எடுத்த அனுபவம்

தங்கச்சி பிரசவத்துக்காக சிங்கப்பூர்லேர்ந்து தர்மபுரி வந்திருந்தேன், குழந்தை பொறந்த கொஞ்ச நாள்லயே மஞ்சகாமாலை இருக்குன்னு ரத்தத்துல மஞ்ச நிறம் எவ்ளோ இருக்குன்னு பாக்கற பிலிருபின் டெஸ்ட் எழுதிட்டாங்க. ரெண்டு ஆஸ்பத்திரியில பிளட் எடுத்தோம், ரெண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம், சின்ன குழந்தை வச்சிருக்கவங்களுக்கு உதவும்னுதான் எழுதறேன்.

முதல்ல போனது ஒரு தனியார் ஆஸ்பத்திரி. தங்கச்சிய வெளிய நிக்க சொல்லிட்டு குழந்தைய மட்டும் உள்ள வாங்கிட்டு போய் குதிகால்ல குத்தினாங்க, கால் சில்லுனு இருந்ததால ரத்தம் சொட்டல, அதுக்காக பிதுக்கு பிதுக்குன்னு பிதுக்கறாங்க, குழந்தை கத்தி கத்தி மூஞ்சியே நீலம் பூத்துடுச்சு. கடைசில ரத்தம் உறைஞ்சு போச்சு மறுபடி எடுக்கணும்ங்கறாங்க. ஏங்க இப்படின்னு கேட்டா, பச்சக்குழந்தைக்கு என்ன தெரியப்போகுது, இப்பவே மறந்துடும்னு பதில். எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. பொறந்த குழந்தைக்கும் வலி தெரியும்னு நம்ம நாட்டுல மருத்துவம் படிச்ச கன்வல்ஜீத் ஆனந்த்ங்கற டாக்டர் 1987லயே ஆராய்ச்சி பண்ணி எழுதிட்டார். ரொம்ப பிதுக்கினா வலி மட்டும் இல்ல, ரத்த செல் உடைஞ்சு ரிசல்ட்டே தப்பா வரும், பொட்டாசியம் எல்லாம் கூடுதலா காட்டும்.

அடுத்து வேற ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு போனோம். அங்க இருந்த வயசான சிஸ்டர் தங்கச்சிய உக்கார வச்சு, "கண்ணு, மொதல்ல பாப்பாவ மார்ல போடு, நல்லா இழுத்து குடிக்கட்டும், அப்புறம் நான் எடுத்துக்கறேன்"னாங்க. அவசரமே படல. குழந்தை முழுங்கற சத்தம் கேட்டதுக்கு அப்புறம்தான் புறங்கையில நரம்பு பாத்து ஊசி போட்டாங்க, அவன் ஒரு தடவ புருவத்த சுருக்கினான், குடிக்கறத ஒரு நொடி நிறுத்தினான், திரும்ப சப்ப ஆரம்பிச்சுட்டான். அவ்ளோதான். எங்கம்மா பக்கத்துல நின்னு பாத்துட்டு அழுதுட்டாங்க.

இதுக்கு ஒத்த பைசா செலவு இல்லீங்க. பால் குடிச்சிட்டே இருந்தா, இல்ல அம்மா நெஞ்சோட தோலும் தோலும் படற மாதிரி அணைச்சிருந்தா வலி குறையுதுன்னு நிறைய ஆராய்ச்சி இருக்கு. நிறைமாசத்துல பொறந்த குழந்தைக்கு, பழகின கை எடுத்தா, குதிகால்ல குத்தறத விட நரம்புல எடுக்கறதுல வலி கம்மி. குதிகால்தான்னா உள்ளங்கால் பக்கம் இருக்கற ரெண்டு ஓரத்துலதான் குத்தணும், பின்னாடி உருண்டையா இருக்கற இடத்துல கூடாது, எலும்பு கிட்டவே இருக்கும். பட்டன் அமுக்கினா தானா குத்திட்டு திரும்ப கூட்டுக்குள்ள போயிடற லான்செட்ங்கற குத்தூசி, கையால குத்தறத விட தேவல. மரத்துப்போற க்ரீம் குதிகாலுக்கு பெருசா வேலை செய்யாது.

பால் குடிக்க முடியாத குழந்தைக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடி 24 சதவீத சுக்ரோஸ்ங்கற சக்கரை கரைசல சொட்டு சொட்டா நாக்குல விடுவாங்க. அது ஆஸ்பத்திரியில அளவு பாத்து குடுக்கறது, சேனை வைக்கிறேன்னு வீட்டுல சக்கரத் தண்ணி கலக்கி குடுத்துடாதீங்க.

அதனால பிளட் எடுக்க குழந்தைய கேட்டா, "சிஸ்டர், பால் குடுத்துட்டே எடுக்கலாமா, நானே மடியில வச்சிருக்கேன்"னு தைரியமா கேளுங்க. நெத்தியில வச்சு பாக்கற பிலிருபின் மெஷின் இருக்கான்னும் கேளுங்க, இருந்தா சில தடவ குத்தறதே மிச்சமாகும், ஆனா மஞ்சகாமாலை குறைய லைட்ல வச்ச குழந்தைக்கு அந்த ரீடிங்க அப்படியே நம்ப முடியாது, பிளட்தான் எடுக்கணும்.