டல்லாஸ் போய் வந்த கிரைண்டரும் கணபதிப் பட்டறையும்

11 வருடம் டல்லாஸில் இருந்துவிட்டு இந்த ஜூனில் குடும்பத்தோடு கோயம்புத்தூருக்கே வந்துவிட்டோம். வீடு வடவள்ளியில், மொட்டை மாடியில் நின்றால் மருதமலை தெரியும். கட்டில், பீரோ எதுவும் வந்து சேராத முதல் மூன்று வாரமும் பவானி ஜமக்காளம் இரண்டை விரித்துத்தான் நான்கு பேரும் படுத்தோம், அது ஒரு குறையாகவே தெரியவில்லை. குறையாகத் தெரிந்தது மாவுதான். கடை மாவு பாக்கெட் வாங்கி ஊற்றினால் மூன்றாவது நாளே புளித்துப் போகிறது, மகள் ஒரு இட்லியோடு எழுந்துவிடுகிறாள், அவளுக்கு ஒன்பது வயது. டல்லாஸில் சனிக்கிழமை காலை கிரைண்டர் சத்தம் கேட்டுத்தான் எழுந்திருப்பாள். இந்த ஒரு விஷயத்தைச் சரிசெய்ய எனக்கு இரண்டு மாதம் ஆனது. அதில் தெரிந்துகொண்டது அமெரிக்காவிலிருந்து திரும்புகிறவர்களுக்கு உதவும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எங்களிடம் இருந்தது 2 லிட்டர் டேபிள் டாப் கிரைண்டர். அங்கே இந்தியக் கடையில் வாங்கியது, அடியில் ஒட்டியிருந்த தகட்டில் கோயம்புத்தூர் முகவரி, 110 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். அதாவது இந்த ஊரில் செய்து ஏற்றுமதியாகி, அங்கே ஒன்பது வருடம் ஓடி, கப்பலில் கொச்சி வழியாக மறுபடி இங்கேயே வந்து சேர்ந்திருக்கிறது. அதை நேராக இங்குள்ள 230 வோல்ட் பிளக்கில் சொருகினால் மோட்டார் கருகிவிடும் என்பது தெரியும், அதனால் வோல்டேஜைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றைக் கணவர் வாங்கி வந்தார். ஓடியது. ஆனால் மெதுவாக ஓடியது. டல்லாஸில் 25 நிமிடத்தில் பொங்கி வரும் உளுந்து இங்கே 45 நிமிடம் ஆகியும் நறநறவென்று இருந்தது, நடுவில் இரண்டு தடவை நிறுத்தி ஆறவிட வேண்டியிருந்தது, மோட்டார் பக்கம் கை வைக்க முடியாத சூடு.

ஏன் இப்படி என்று எனக்கு அப்போது புரியவில்லை, இப்போது புரிகிறது. டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜை மட்டும்தான் மாற்றும், ஹெர்ட்ஸை, அதாவது கரண்ட் ஒரு நொடியில் எத்தனை சுழற்சி வருகிறது என்பதை, மாற்றாது. கிரைண்டரில் இருக்கும் மோட்டாரின் வேகம் ஹெர்ட்ஸைப் பொறுத்தது. அங்கே 60, இங்கே 50. நிமிடத்துக்கு 1,750 சுற்றுப் பக்கம் சுற்ற வேண்டிய மோட்டார் இங்கே 1,450 பக்கம்தான் சுற்றும், அதோடு கரண்டையும் கூடுதலாக இழுத்துச் சூடாகும். மிக்ஸி மோட்டார் வேறு வகை, அதற்கு ஹெர்ட்ஸ் ஒரு பொருட்டில்லை, டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் நன்றாகவே ஓடுகிறது. ஆகவே மிக்ஸி ஓடுகிறதே, கிரைண்டரும் ஓடும் என்று நம்பி டிரான்ஸ்ஃபார்மருக்குப் பணம் போடாதீர்கள். நாங்கள் போட்டது 2,600 ரூபாய்.

டவுனில் ஒரு பெரிய கடைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். திறந்துகூடப் பார்க்கவில்லை. "வெளிநாட்டு மாடல், பார்ட்ஸ் வராது, எக்ஸ்சேஞ்சில் 300 ரூபாய் தருகிறோம், புதுசு எடுத்துக்குங்க" என்றார்கள். வெளிநாட்டு மாடல்! தகட்டில் இருக்கும் முகவரி அந்தக் கடையிலிருந்து எட்டுக் கிலோமீட்டர்கூட இருக்காது. எனக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது, திரும்பத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். பக்கத்து வீட்டு அக்காதான் "கணபதிப் பக்கம் பட்டறைக்குக் கொண்டுட்டுப் போ கண்ணு, கடைக்கு எதுக்குப் போறே" என்றார்.

பட்டறையின் பெயரை இங்கே போடவில்லை. ஏற்கெனவே வேலை தேங்கிக் கிடக்கிறது, போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். ஆனால் கோயம்புத்தூரில் கணபதி ஏரியாவில் இறங்கி யாரைக் கேட்டாலும் இந்த மாதிரி நான்கைந்து பட்டறைக்கு வழி சொல்வார்கள். நான் போனது ஒரு தகரக் கூரை, வாசலில் பத்துப் பன்னிரண்டு கல் தொட்டி கவிழ்த்து வைத்திருக்கும், உள்ளே போனால் கல் தூசியும் கிரீஸ் வாசமும். பட்டறைக்காரருக்கு 60 வயதிருக்கும். மூடியைத் திறந்து, தொட்டியைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, தலையைச் சாய்த்துக் காது கொடுத்துக் கேட்டார். "பேரிங் போகலீங் அம்மிணி. கல்லு நம்மூருக் கல்லு, மோட்டாரு மட்டுந்தான் அந்த ஊருது. இத எதுக்குங் தூக்கிப் போடோணும்?" என்றார். இரண்டு மாதமாக இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அலைந்திருக்கிறேன் என்று தோன்றியது.

அவர் செய்த வேலையைச் சொல்கிறேன், ஏனென்றால் இதைக் கேட்டு வாங்கத் தெரியாவிட்டால் அரைகுறையாகச் செய்து கொடுத்துவிடுவார்கள். மோட்டாரை ரீவைண்டிங் (உள்ளே கம்பியை மறுபடி சுற்றுவது) செய்யலாமா என்று கேட்டேன், அந்தக் கூலிக்குப் புதிதாக 230 வோல்ட் மோட்டாரே போட்டுவிடலாம் என்றார். மோட்டாரை மட்டும் மாற்றினாலும் வேகக் குறை தீராது, ஏனென்றால் இங்குள்ள மோட்டாரும் 50 ஹெர்ட்ஸுக்குத் தகுந்த வேகத்தில்தானே சுற்றும்? அதற்காக மோட்டார்த் தண்டில் இருக்கும் புல்லியை, அதாவது பெல்ட் ஓடும் சக்கரத்தை, ஒரு சுற்றுப் பெரிதாக்க வேண்டும், அப்போதுதான் தொட்டி பழைய வேகத்தில் சுற்றும். நான் கேட்காமலேயே இதை அவர் சொன்னார். அந்த அளவில் புல்லி கையில் இல்லை, பையனை அனுப்பி நாலு கடை தள்ளி இருக்கும் லேத்தில் கடைந்து வாங்கிவிட்டார், அரை மணி நேரம்கூட ஆகவில்லை. வார்ப்படம், லேத், மோட்டார், பெல்ட் எல்லாம் கூப்பிடு தூரத்தில் கிடைக்கிற ஊர் இது. 1955இல் பி. சபாபதி என்பவர் வெட் கிரைண்டரை இந்த ஊரில்தான் முதலில் செய்தார், 2005-06இல் கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இதையெல்லாம் பெருமையாகப் படித்திருக்கிறேன், அந்தப் பெருமையின் பலன் என்ன என்பது புல்லி கடைந்து வந்த அன்றுதான் கையில் கிடைத்தது.

மோட்டார், கண்டென்சர், புல்லி, புது பெல்ட், பிளக் வயர், கூலி எல்லாம் சேர்த்து 2,350 ரூபாய். ஆறு மாதத்துக்கு எது போனாலும் இலவசமாகப் பார்த்துத் தருவதாகச் சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

குறையும் உண்டு. நாலு நாளில் தருகிறேன் என்றவர் ஒன்பது நாள் எடுத்துக்கொண்டார். ஆடி 18க்குப் பையன்கள் ஊருக்குப் போய்விட்டார்கள், சரி, அது நியாயம்தான், ஆனால் அதை முன்பே சொல்லியிருக்கலாம், நான் வடவள்ளியிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போய் வெறுங்கையோடு திரும்பினேன். போனும் எடுக்க மாட்டார். கம்ப்யூட்டர் பில், கார்டு எதுவும் கிடையாது. வண்டி நிறுத்த இடமில்லை.

அதே பட்டறையில் 3 லிட்டர் சாய்ப்புக் கிரைண்டர் ஒன்றும் புதிதாக வாங்கினேன். அம்மா கோபிசெட்டிபாளையத்திலிருந்து வந்து எங்களோடு இருக்கிறார், சந்தகை (எங்கள் பக்கத்து இடியாப்பம்) பிழியாமல் புது வீட்டில் என்ன விசேஷம் என்று வந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார். சந்தகைக்குப் புழுங்கலரிசியை ஊறவைத்துக் கெட்டியாக, விரலில் திரி தட்டாத பதத்துக்கு அரைக்க வேண்டும். சின்னக் கிரைண்டரில் கெட்டி மாவு அரைத்தால் குழவி திணறும். இதில் திணறவே இல்லை. முக்கால் மணி நேரத்தில் அரைத்து, இட்லியாக ஊற்றி வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் பிழிந்து, தேங்காய்ப்பாலும் எள்ளுப் பொடியும் வைத்து ஒறம்பரை, அதாவது சொந்தக்காரர்கள், பதினாறு பேருக்குப் போட்டோம். தொட்டியைச் சாய்த்தால் மாவு தானாக வழிந்து பாத்திரத்தில் இறங்குகிறது, குனிந்து கையால் அள்ள வேண்டியதில்லை, அம்மாவின் முதுகுக்கு இது பெரிய விஷயம். 8,200 ரூபாய். சாய்க்கும் பிடி முதல் மாதம் ரொம்ப இறுக்கம், அம்மாவால் தனியாக எடுக்க முடியாது. டைமர் இல்லை. எடை அதிகம், வைத்த இடத்தில் வைத்ததுதான், ஆகவே மேடையில் எங்கே என்று முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். சத்தம் டேபிள் டாப்பை விடக் கூடுதல். நாலு பேர் மட்டும் இருக்கிற வீட்டுக்கு இது தேவையே இல்லை என்பது என் கருத்து. விருந்தாடி வந்து போகிற வீடு என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

புதுக் கல்லை அப்படியே பயன்படுத்தக் கூடாது. முதலில் தவிடு போட்டு அரைத்துக் கொட்டச் சொன்னார், அப்புறம் ஊறவைத்த அரிசி இரண்டு தடவை, அதையும் கொட்டிவிட வேண்டும். இரண்டாவது தடவையும் அரிசி கொஞ்சம் சாம்பல் நிறத்தில் வந்தது, அதனால் நான் மூன்றாவது தடவையும் அரைத்துக் கொட்டினேன், மனசு கேட்கவில்லைதான், ஆனாலும் குழந்தைகள் சாப்பிடுவதாயிற்றே. இன்னொன்றும் சொன்னார். கழுவுவது எந்தத் தண்ணியில் வேண்டுமானாலும் கழுவுங்கள், கடைசி அலசல் நல்ல தண்ணியில் இருக்கட்டும், போர் உப்புத் தண்ணியில் விட்டால் கல்லில் வெள்ளையாகப் படிந்துவிடும் என்று. மாவு அரைக்கவும் நான் சிறுவாணித் தண்ணிதான் ஊற்றுகிறேன். உப்புத் தண்ணியில் ஒரு தடவை அரைத்துப் பார்த்தேன், இட்லி அவ்வளவு மெத்தென்று வரவில்லை.

பழக்கம் ஒன்றை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. டல்லாஸ் குளிரில் மாவுப் பாத்திரத்தை ஓவனில் லைட் போட்டு ராத்திரி முழுக்க வைப்பேன், அப்போதும் சில நாள் பொங்காது. இங்கே அதே நினைப்பில் ராத்திரி எட்டு மணிக்குக் கரைத்து வைத்த மாவு விடிவதற்குள் மேடையெல்லாம் வழிந்திருந்தது. இப்போது பத்தரைக்குக் கரைக்கிறேன். நாலு பங்கு இட்லி அரிசி, ஒரு பங்கு உளுந்து, அங்கே போட்ட அதே அளவுதான்.

பழைய கிரைண்டர் வீட்டுக்கு வந்த அன்று மகள் முதலில் பார்த்தது பக்கவாட்டில் அவள் நாலு வயதில் ஒட்டிய வண்ணத்துப்பூச்சி ஸ்டிக்கரைத்தான். மோட்டார் மாற்ற அந்தப் பக்கத்தைத்தான் கழற்ற வேண்டும். கழற்றி, கிரீஸெல்லாம் துடைத்து, ஸ்டிக்கர் ஓரம் கிழியாமல் மாட்டியிருந்தார்கள். அடுத்த சனிக்கிழமை ஏழரை மணிக்கு எழுந்து வந்து அடுப்படி வாசலில் உட்கார்ந்துகொண்டாள், ஆறு இட்லி.

திரும்பி வருகிறவர்கள் கேட்டால் நான் சொல்வது இதுதான்: கிரைண்டரை அங்கே விற்காதீர்கள், கொண்டு வாருங்கள். குழவியைத் தனியாகக் கழற்றித் துணி சுற்றி அடுக்குங்கள், எங்களுடையதை அந்த ஊரில் சாமான் கட்டி அனுப்பும் மூவர்ஸ் ஆட்கள் உள்ளேயே விட்டு அடைத்ததில் தொட்டி ஓரம் சில்லு தெறித்திருந்தது. அடியில் இருக்கும் தகட்டைப் போட்டோ எடுத்துப் பட்டறையில் முன்பே காட்டிவிட்டால் ஒரு நடை மிச்சம். புல்லி மாற்றுவார்களா என்று கேளுங்கள், அந்தக் கேள்விக்கு முழிக்கிற இடத்தில் கொடுக்காதீர்கள். கழற்றிய 110 வோல்ட் மோட்டாரைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நான் வாங்கி வைத்திருக்கிறேன், டல்லாஸில் என் சித்தி மகள் வீட்டில் இதே மாடல்தான் ஓடுகிறது, டிசம்பரில் அவள் வரும்போது பெட்டியில் வைத்து அனுப்ப வேண்டும்.