மூன்று அறைகளுக்கு ஒரே வெளியலகா, தனித்தனி வெளியலகுகளா?

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் ஏர்கான் பொருத்தும்போது, மூன்று அறைகளையும் ஒரே வெளியலகுடன், அதாவது வெளியே வைக்கும் ஒரே கம்ப்ரசருடன், இணைப்பதா, அறைக்கொன்றாக வைப்பதா என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். வெளியே உள்ள ஏர்கான் திட்டில் இடம் குறைவு என்பதால் பெரும்பாலோர் ஒரே வெளியலகு கொண்ட கூட்டமைப்பையே தேர்ந்தெடுக்கிறார்கள், அது நியாயமே.

ஆனால் இரவுப் பயன்பாட்டைக் கவனியுங்கள். தெம்பனிஸில் என் அக்கா வீட்டில் இரவில் ஒரே ஒரு படுக்கையறை ஏர்கான் மட்டும் ஓடும். மூன்று அறைகளுக்கெனக் கணக்கிடப்பட்ட பெரிய கம்ப்ரசர், வேகத்தை மாற்றவல்ல இன்வெர்ட்டர் வகையாக இருந்தும், ஒரு சிற்றறையின் தேவைக்கு ஏற்பத் தன் வேகத்தைக் குறைக்க முடியாமல் சில நிமிடங்களுக்கு ஒருமுறை நின்று நின்று ஓடுவதை ஜன்னலோரம் நின்றாலே கேட்கலாம். அப்படி ஓடும்போது அறையின் ஈரப்பதம் சரியாகக் குறையாது; புழுக்கம் தாளாமல் அக்கா வெப்பநிலையை இன்னும் இறக்குவார், மின்கட்டணமும் கூடும். அறையின் அளவுக்கேற்ற தனி அலகு குறைந்த வேகத்தில் நிதானமாக ஓடிக்கொண்டிருக்கும். ஒன்று பழுதானாலும் மற்ற அறைகள் குளிர்ச்சியை இழப்பதில்லை.

மாலை முதல் எல்லா அறைகளிலும் ஆட்கள் இருக்கும் குடும்பத்திற்குக் கூட்டமைப்பு பொருந்தும். ஒரே அறையை அதிகம் பயன்படுத்துவோர், திட்டில் இடமிருந்தால், அந்த அறைக்கு மட்டுமாவது தனி அலகு வைப்பதே நல்லது என்பேன். எதை வாங்கினாலும் ஆற்றல் முத்திரையில் டிக் எண்ணிக்கையைப் பாருங்கள்; டிக் கூடினால் மின்சிக்கனம் கூடும். வெப்பநிலையை 25 டிகிரியில் வைத்து, மின்விசிறியையும் சேர்த்துச் சுழலவிடுங்கள்.