எண்ணெய்க் கோச்சி கட்ட நாலு மில்லிமீற்றரா, மூன்றா?

திருகோணமலைச் சீனக்குடாவின் எண்ணெய்க் குதங்களைப் பார்த்தே வளர்ந்தவன் நான். மாதிரி ரயில் செய்ய வெளிக்கிட்டபோது எண்ணெய் வேகன்களைத் தவிர வேறொன்றும் மனதில் வரவில்லை. 1927இல் திருகோணமலைக்குப் பாதை வந்த பிறகான கரிக்கோச்சிக் காலம், நாலு சக்கரத்தின் மேல் கறுப்பு உருளை. எந்த அளவில் செய்வது என்பதில்தான் ஒரு வருடம் இழுபட்டேன்.

நாலு மில்லிமீற்றர், அதாவது நிஜ ரயிலின் ஓர் அடிக்கு மாதிரியில் 4 மி.மீ.; இந்த அளவை ஓஓ (OO) என்பார்கள். எஞ்சின், வேகன், கொக்கி எல்லாம் பிரித்தானியாவிலிருந்து ஆயத்தமாக வாங்கலாம். இந்த வார இறுதியிலேயே ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பவருக்கு இதுவே போதும்.

சிக்கல் தண்டவாளத்தில் இருக்கிறது. எங்கள் இலங்கைப் பாதையின் அகலம், அதாவது இரு தண்டவாளங்களுக்கும் இடையிலான தூரம், 5 அடி 6 அங்குலம். நாலு மி.மீ. கணக்கில் அது 22 மி.மீ. ஆக வேண்டும். ஓஓ தண்டவாளமோ 16.5 மி.மீ.தான், அந்தக் கணக்கில் வெறும் 4 அடி 1½ அங்குலம். மூடிய பெட்டிகளில் இந்தக் குறை அவ்வளவாகத் தெரியாது. எண்ணெய் வேகனில் அப்படியே காட்டிக்கொடுத்துவிடும். நான் முதலில் வாங்கிய இரண்டு ஓஓ எண்ணெய் வேகன்களையும் மேசை விளிம்பில் வைத்து, குனிந்து கண்மட்டத்தில் பார்த்தேன். மேலே பருத்த உருளை, கீழே நடுவில் ஒடுங்கிய சக்கரங்கள். எங்கள் பாதையில் ஓடிய வேகனின் அகலமான நிற்பு அதில் இல்லை.

அன்றிரவு கொப்பியில் பெருக்கிப் பார்த்தேன்: ஐந்தரை அடி, அடிக்கு 3 மி.மீ. விடை சரியாக 16.5! அதே தண்டவாளம், அதே சக்கர அகலம். உடம்பை மட்டும் சின்னதாகச் செய்தால் போதும். அதோடு மூன்று மி.மீ.தான் என்று முடிவாகிவிட்டது.

உடம்பு செய்வதும் நினைத்த அளவுக்குக் கஷ்டமில்லை. ஹாட்வெயார் கடையில் வாங்கும் அரை அங்குல பிவிசி குழாயின் வெளிவிட்டம் 20 மி.மீ.; மூன்று மி.மீ. கணக்கில் 6 அடி 8 அங்குல உருளை. இரு முனைகளுக்கும் பிங்பொங் பந்தில் வட்டம் வெட்டி ஒட்டினேன். அந்த மெல்லிய வளைவு தானாகவே வந்துவிடுகிறது. ஆணித்தலைகளுக்கு ஊசிமுனையில் தொட்டுவைத்த பசைத்துளிகள். ஒரு வேகனுக்கு நாலு மாலைப்பொழுது போகும்.

கடல்காற்றில் தண்டவாளம் மங்குவது இரண்டுக்கும் ஒன்றுதான். நிக்கல் சில்வர் என்ற உலோகக் கலவையில் செய்த தண்டவாளம் எடுத்து, ஓட்டுமுன் துடைத்தால் சரி. விற்கும் எண்ணம் இருந்தால் ஓஓவே நல்லது, கையால் செய்ததற்கு ஆள் தேட வேண்டும்.

எஞ்சின் விஷயத்தில் நான் இன்னும் உறுதியாகப் பேச முடியாது. ஆறு வேகன்களை ஒரு கடை எஞ்சினின் அடிச்சட்டம் இழுக்கிறது. இருபது கோத்தால் வளைவில் எப்படி நிற்கும் என்று பார்க்கவில்லை. அதன் மேல் பொருத்த பி1 வகை 4-6-0 கரி எஞ்சினின் (முன்னே 4 சிறு சக்கரம், பிறகு 6 இயக்கு சக்கரம், பின்னே ஒன்றுமில்லை) உடம்பை மட்டையில் வெட்டத் தொடங்கியிருக்கிறேன். கொதிகலனுக்கும் ஒரு குழாய்த்துண்டு எடுத்து வைத்தாயிற்று.