போடா தீவா, பீபீயா, ஹோங்கா? கிராபியில் கூட்டமாகப் படகேறுகிறவர்களுக்கு

எங்கள் கூட்டத்தில் பதினொரு பேர். அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி. அக்காவின் கடைக்குட்டிக்கு 5 வயது. நடுவில் காலேஜ் பிள்ளைகள் மூன்று பேர், போட்டோ எடுக்காவிட்டால் போன ஊரே கணக்கில் வராது என்கிற ரகம். தாய்லாந்தின் கிராபியில், ஆவ்நாங் கடற்கரைத் தெருவில் இறங்கினால் பத்தடிக்கு ஒரு கடையில் தீவுப் பயணம் விற்கிறார்கள். எல்லாப் பலகையிலும் அதே பச்சைத் தண்ணீர், அதே சுண்ணாம்புப் பாறை. படத்தைப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஐந்து நாள் தங்கியதில் பீபீ, போடா உள்ள நான்கு தீவு, ஹோங் என்று மூன்று பயணமும் போய்ப் பார்த்தோம். எந்தத் தீவு என்பதைவிட எந்தப் படகு என்பதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். அது பீபீ போய் வந்த பிறகுதான் உறைத்தது.

பீபீ தீவுகள் என்றால் எல்லோருக்கும் மாயா விரிகுடா. 2000-இல் வந்த ஒரு ஹாலிவுட் படம் அதை உலகம் முழுக்கக் காட்டிவிட்டது. அப்புறம் வந்த கூட்டத்தில் பவளப்பாறைகள் சிதைந்துபோய், 2018 ஜூனில் மூடிவிட்டார்கள். நான்கு மாதம் என்று மூடியது, மறுபடி திறக்க 2022 ஜனவரி ஆனது. இப்போது படகு முன்பக்கமாக உள்ளே போகாது. பின்னாலுள்ள லோ சமா பக்கம் மிதக்கும் மேடையில் இறக்கிவிடுவார்கள், அங்கிருந்து மரப்பாதையில் நடந்து கடற்கரைக்கு வரவேண்டும். நீச்சல் கிடையாது, முழங்கால் அளவு தண்ணீரில் நிற்கலாம், அவ்வளவுதான். ஆட்களையும் எண்ணித்தான் உள்ளே விடுகிறார்கள். ஆகஸ்ட், செப்டம்பரில் ஆண்டுதோறும் மூடல். இந்தக் கெடுபிடியை நான் குறை சொல்லமாட்டேன். கரையோரம் கருநுனிச் சுறாக் குட்டிகள் திரிவதை எங்கள் பையன்கள் பார்த்தார்கள். ஆனால் நின்று ரசிக்க முடிந்ததா என்றால், இல்லை. கல்யாணப் பந்தியில் பாயசம் வரும்போதே நாற்காலிக்குப் பின்னால் அடுத்த ஆள் வந்து நிற்பாரே, அந்த மாதிரி.

பீபீக்கு ஆவ்நாங்கிலிருந்து ஸ்பீட்போட்டில் முக்கால் மணி நேரம், காற்றடித்தால் இன்னும் கூட. காலையில் ஆளுக்கொரு வட்ட ஸ்டிக்கரைச் சட்டையில் ஒட்டினார்கள். அன்று முழுக்க நாங்கள் 'பச்சை'. காற்று வரும் என்று அம்மாவை முன்பக்கம் உட்கார வைத்தேன். நம் கடற்கரைகளில் அணியம் என்பார்களே, அந்தப் பகுதி. அதுதான் நான் செய்த பெரிய தப்பு. ஸ்பீட்போட் அலை மேல் ஏறி இறங்காது, தாவி விழும். ஒவ்வொரு விழுதலும் முதுகுத்தண்டில் வந்து முடியும். பின்பக்கம் எஞ்சினுக்குப் பக்கத்தில் பெட்ரோல் வாடை அடித்தாலும் குலுக்கல் பாதிதான். கர்ப்பிணிகளையும் முதுகு வலிக்காரர்களையும் பெரும்பாலான கம்பெனிகள் ஏற்றுவதில்லை. முழங்கால் வலியைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. போதாததற்கு எங்களைக் கூட்டிப்போன கம்பெனி ஒரு இருக்கைகூட விடாமல் நிரப்பியிருந்தது. பிலே என்ற உப்பங்கழியின் மரகதத் தண்ணீரில் குதி, ஏறு, வைக்கிங் குகையை வெளியிலிருந்து பார், சாப்பிடு, மூங்கில் தீவில் இறங்கு, ஏறு. மாலையில் அம்மா சொன்னது ஒரே வரி: "எனக்கு எந்தத் தீவும் ஞாபகம் இல்லப்பா, ஏணிதான் ஞாபகம் இருக்கு."

சரி, பிள்ளைகளுக்கு? அவர்களைக் கேட்டால் அன்றைய நாள்தான் பயணத்திலேயே சிறந்த நாள். இளவட்டங்கள் மட்டும் போகும் கூட்டமென்றால் கண்ணை மூடிக்கொண்டு பீபீ போகலாம். ஒரே நாளில் அவ்வளவு இடத்தையும் காட்ட வேறு படகுக்கு வேகம் போதாது.

ஒரு நாள் ஓய்வெடுத்துவிட்டு, நான்கு தீவுப் பயணத்துக்கு நீளவால் படகு பிடித்தோம். மரப்படகு, பின்னால் பழைய லாரியிலோ காரிலோ இருந்து கழற்றிய எஞ்சின். அதிலிருந்து ஒரு நீளக் கம்பி போய், அதன் முனையில் விசிறி. படகோட்டி நின்றபடியே அந்த மொத்தத்தையும் கையால் திருப்பி ஓட்டுகிறார். அந்தக் கம்பிதான் வால். அணியத்தில் பல வண்ணத் துணியும் மாலையும் கட்டியிருக்கும். அது படகைக் காக்கும் மே யா நாங் என்ற தெய்வத்துக்கு. அங்கே காலை வைக்காதீர்கள், ஈரத் துண்டைக் காயப் போடாதீர்கள். கடைக்குட்டி ஏறப் போனான். படகோட்டி திட்டவில்லை, சிரித்துக்கொண்டே தூக்கி இந்தப் பக்கம் வைத்தார்.

தூரமும் குறைவு. முதல் தீவு போடாவுக்கு அரை மணிக்குள் போய்விடலாம். தாய் மொழியில் 'கோ' என்றால் தீவு. "எங்கடா போறோம்?" "கோ போடா!" என்று பையன்கள் நாள் முழுக்க இதையே சொல்லிச் சிரித்தார்கள். அடுத்தது கோ கை. 'கை' என்றால் அங்கே கோழி. பாறை ஒன்று கோழிக் கழுத்து மாதிரி நீண்டு நிற்கிறது. அதற்கும் தூப் தீவுக்கும் இடையே தண்ணீர் வற்றும்போது மட்டும் வெண்மணல் திட்டு ஒன்று வெளியே வரும். பெயர் தலே வேக், பிரிந்த கடல் என்று பொருள். தண்ணீர் ஏறியிருக்கும் நேரத்தில் போனால் அங்கே வெறும் கடல்தான். ஆகவே டிக்கெட் வாங்கும் முன் கடைக்காரரிடம் அன்றைய வற்று நேரத்தைக் கேளுங்கள். காலைப் பயணமா, மதியமா என்பதை அதுதான் முடிவு செய்ய வேண்டும், உங்கள் ஹோட்டல் டிபன் நேரம் அல்ல. நாங்கள் போனபோது கணுக்கால் தண்ணீர். அம்மா புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்கு நடந்தே போய்விட்டார்.

கடைசி நிறுத்தம் பிரா நாங் குகை. இளவரசி ஒருத்தியின் ஆவி அங்கே குடியிருக்கிறது என்று நம்பி, மீனவர்கள் மரத்தில் செதுக்கிய ஆண்குறிகளைக் காணிக்கை வைக்கிறார்கள். சின்னதும் பெரியதுமாக, சிவப்புச் சாயம் பூசியதும் உண்டு. அம்மாவுக்கு எப்படி விளக்குவது என்று நானும் அக்காவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தபோதே அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, "லிங்கம்தானே" என்று கும்பிட்டு முடித்துவிட்டார்.

நீளவால் படகில் குறையே இல்லையா? நிறைய. சத்தத்தில் பக்கத்து ஆளிடம் பேச முடியாது. துணிக்கூரை ஒன்றுதான் நிழல். கழிப்பறை கிடையாது. தொடையளவு தண்ணீரில் நடந்துபோய் ஏணியில் ஏற வேண்டும். ஆனால் தனியாக எடுத்தால் ஆளுக்கு இவ்வளவு என்றில்லை, படகுக்கு இவ்வளவுதான். இரண்டு படகாகப் பிரிந்துகொண்டோம். அம்மா ஏறி உட்காரும்வரை படகு நின்றது. அதுதான் எல்லாவற்றையும் மாற்றியது.

ஹோங் தீவுக்கு நானும் காலேஜ் பிள்ளைகளும் மட்டும் போனோம். 'ஹோங்' என்றால் அறை. சுற்றிலும் செங்குத்துப் பாறை, உள்ளே கழி, நுழைய ஒரு இடுக்கு. வற்று நேரத்தில் இங்கே படகு தட்டும். அதாவது தலே வேக்குக்கு நல்ல நேரம் ஹோங்குக்குக் கெட்ட நேரம். இரண்டையும் ஒரே நாளில் காட்டுகிறேன் என்று விற்பவரிடம் எப்படி என்று கேளுங்கள். தீவின் உச்சியில் பார்வைமாடம் ஒன்று உண்டு, 400-க்கு மேல் படி. மூச்சு வாங்கினாலும், கீழே தீவுகள் சிதறிக் கிடப்பதைப் பார்த்தால் ஏறியது வீணில்லை. முழங்கால் வலிக்காரர்கள் கீழே மணலில் உட்காரலாம். பீபீ அளவு நெரிசல் இல்லை, நான்கு தீவு அளவு வேடிக்கையும் இல்லை.

காசு விஷயத்தில் ஒன்று. பலகையில் போட்டிருக்கும் விலையில் தேசியப் பூங்காக் கட்டணம் பெரும்பாலும் சேராது. வெளிநாட்டவருக்குப் பீபீயில் 400 பாட், சிறுவருக்கு 200. ஹோங்கில் 300. பதினொரு பேருக்குப் பெருக்கிப் பாருங்கள். சாப்பாட்டில் சைவர்கள் 'ஜே' என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், முட்டைகூடச் சேராத சைவம் அது. சொல்லாவிட்டால் சோறும் தர்பூசணியும்தான். பவளத்துக்குக் கெடுதலான ரசாயனம் கலந்த சன்ஸ்க்ரீன்களுக்கு 2021 முதல் தேசியப் பூங்காக்களில் தடை இருக்கிறது, ஆகவே முழுக்கைச் சட்டையே நல்லது.

நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை கடல் அமைதி. மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. டிக்கெட் மலிவு, அலை பெரிது. 2018 ஜூலையில் பூகெட் அருகே புயலில் ஒரு சுற்றுலாப் படகு மூழ்கி 47 பேர் இறந்தார்கள். படகுத்துறையில் இன்று வேண்டாம் என்றால், பணம் கட்டியாகிவிட்டதே என்று வாதாடாதீர்கள்.

நாங்கள் போனது அக்டோபர் கடைசி. ஐந்தாம் நாள் காற்று கிளம்பி, படகுகள் கரையிலேயே நின்றன. வேன் பிடித்து கிளோங் தோம் போனோம். அங்கே கோயிலை ஒட்டிய அருங்காட்சியகத்தில், பழைய துறைமுகத்தில் கிடைத்த பாசிமணிகளோடு பொன் உரசிப் பார்க்கும் சின்னக் கல் ஒன்றும் இருக்கிறது. அதில் தமிழ்ப் பிராமியில் 'பெரும்பதன் கல்', அதாவது பெரும்பதன் என்பவருடைய கல், என்று வெட்டியிருக்கிறது. ஆயிரத்து அறுநூறு, எழுநூறு வருஷத்துக்கு முன்னால் நம் ஊர்த் தட்டான் ஒருவர் கடல் கடந்து இங்கே வந்திருக்கிறார். அம்மா கண்ணாடியை ஒருமுறை துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "இவர் எந்தப் படகுல வந்திருப்பார்?" என்றார்.